வலியறிதலும் இடனறிதலும்: ஒரு டீசல் பம்பு இடம்பெயர்ந்த வரலாறு

இலக்கியம் பேசும் நண்பர்கள் கூடுகிற இடத்தில் பிக்கப் வண்டியைப் பற்றியும் அதன் டீசல் பம்பைப் பற்றியும் எழுத வந்தமைக்கு முதலிலேயே பொறுத்தருளக் கேட்டுக்கொள்கிறோம். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் திருக்குறள் நடத்தி வருகிற நமக்கு, அதன் அதிகாரம் ஒன்றின் பொருள் கும்மிடிப்பூண்டியில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு பட்டறைத் தரையில் நின்றபோதுதான் முழுதாக விளங்கியது. இக்கட்டுரைக்குக் காரணம் அதுவே.

நம் மைத்துனர் ஒருவர் பொன்னேரியில் வசிப்பவர். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குச் சரக்கு ஏற்றிப் பிழைப்பவர். பழைய டீசல் பிக்கப் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கித் தவணை கட்டிக்கொண்டிருந்தார். பள்ளி ஒன்றுக்காக நாம் திரட்டி வைத்திருந்த நூல் மூட்டைகளை ஆரம்பாக்கம் பக்கம் கொண்டு சேர்க்க ஒரு காலையில் அவ்வண்டியிலேயே கிளம்பினோம். தச்சூர் கூட்டுச்சாலையில் ஏறிக் கவரைப்பேட்டை தாண்டியதும் வண்டி இருமுறை குலுங்கி நின்றுவிட்டது. கல்கத்தாவை நோக்கி ஓடுகிற பெருஞ்சாலை அது; பக்கத்தில் லாரிகள் இரைந்து செல்ல, மைத்துனர் கீழே குதித்து, இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சிறு நெம்பைக் கையால் பலமுறை அடித்து, காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி கிளப்பினார். பத்து கிலோமீட்டரில் மீண்டும் அதே கதை.

வழியில்தான் நமக்கு முழு விவரமும் தெரிய வந்தது. ஆறு மாதமாக இதே தொல்லை. முதலில் ஃபில்டர் மாற்றினார்கள், பிறகு நாசில், பிறகு இன்ஜெக்டர் பம்பையே கழற்றி அனுப்பிச் சரிபார்த்து மாட்டினார்கள். செலவான தொகையைச் சொல்லும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு தவணை பாக்கி. நேரத்துக்குச் சரக்கு இறக்காததால் வாடிக்கை ஒன்று கைவிட்டுப் போயிற்று. அடுத்து யாராவது பம்பு போய்விட்டது என்று சொன்னால் வண்டியை விற்றுவிட வேண்டியதுதான் என்றார்.

கும்மிடிப்பூண்டியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை விட்டோம். அவர் எதையும் உடனே கழற்றவில்லை. ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் டீசல் ஊற்றி, பானெட்டைத் தாங்கும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். பின்னாலிருந்து வரும் டீசல் குழாயை ஃபீட் பம்பிலிருந்து பிரித்துவிட்டு, கேனிலிருந்து ஒரு குழாயை அங்கே சொருகினார். இன்ஜின் அரை மணி நேரம் ஒரு சிறு தயக்கமும் இன்றி ஓடிற்று.

"பம்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. அது இருக்கிற இடந்தான் சரியில்ல" என்றார்.

வள்ளுவர் வலியறிதலை நாற்பத்தெட்டாம் அதிகாரமாகவும், காலமறிதலை நாற்பத்தொன்பதாம் அதிகாரமாகவும், இடனறிதலை ஐம்பதாவதாகவும் வைத்தார். வலிமையை முதலில் பார், பிறகு காலத்தைப் பார், பிறகு இடத்தைப் பார் என்பதே அவ்வைப்புமுறை என்று மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறோம். மைத்துனரின் வண்டியைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஆறு மாதம் வலிமையை மட்டுமே சோதித்துக்கொண்டிருந்தார்கள். இடத்தைச் சோதித்தவர் இந்தப் பெரியவர் ஒருவரே. ஒரு பம்பு அந்த இடத்தில் ஏன் வைக்கப்பட்டது, யார் வைத்தார்கள், பின்னர் அது எப்படி இடம்பெயர்ந்தது என்று அன்று தொடங்கிய விசாரணையின் பயனையே இங்கு நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

மோட்டார் வண்டிகளின் தொடக்க காலத்தில் எரிபொருளுக்குப் பம்பு என்ற ஒன்றே இல்லை. டேங்க் உயரத்தில் இருக்கும். இன்ஜின் தாழ்வில் இருக்கும். எண்ணெய் தானே இறங்கி வரும். மேட்டு ஏரியிலிருந்து வயலுக்கு மதகு வழியே நீர் பாய்வது போன்ற ஏற்பாடு. 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் செய்யப்பட்ட ஃபோர்டு மாடல் டி காரின் பெட்ரோல் இப்படித்தான் இறங்கி வந்தது. செங்குத்தான மேட்டில் ஏறும்போது, டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால், மூக்கு உயர்ந்து டேங்கின் மட்டம் இன்ஜினுக்கு இணையாகவோ கீழாகவோ போய்விடும், கார் நின்றுவிடும். ஓட்டுநர்கள் காரைத் திருப்பிப் பின்பக்கமாகவே மலை ஏறினார்கள் என்பது வேடிக்கைக் கதையன்று, நடந்த செய்தி.

டேங்கை வண்டியின் பின்புறத்துக்கு, தாழ்வான இடத்துக்குக் கொண்டு சென்றபோது எண்ணெயை மேலே இழுக்க ஒரு கருவி தேவைப்பட்டது. முதலில் இன்ஜின் மூச்சு இழுக்கும் வெற்றிடத்தைக் கொண்டே உறிஞ்சும் சிறு தொட்டிகள் வந்தன. 1920-களில் டயஃப்ரம் பம்பு பரவத் தொடங்கியது. இன்ஜினின் கேம் ஷாஃப்டில் உள்ள ஒரு புடைப்பு ஒரு நெம்பை ஆட்டும். நெம்பு ஒரு தோல் போன்ற சவ்வை மேலும் கீழும் இழுக்கும். சவ்வு எண்ணெயை உறிஞ்சி முன்னே அனுப்பும். கவரைப்பேட்டைச் சாலையோரம் மைத்துனர் அடித்த நெம்பு இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

டீசல் இன்ஜினுக்கு இந்தத் தேவை இன்னும் கூடுதல். ருடால்ஃப் டீசல் 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓடும் இன்ஜினைக் காட்டினார். அழுத்தப்பட்ட காற்றின் உதவியோடு எரிபொருளை உள்ளே தெளித்த அந்த இன்ஜின்கள் கனமானவை. தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும்தான் ஏற்றவை. டீசல் இன்ஜின் சாலையில் பரவலாக ஓடத் துணைசெய்தது, ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-இல் வரிசை உற்பத்திக்குக் கொண்டுவந்த இன்ஜெக்‌ஷன் பம்பு. மயிரிழை இடைவெளி கொண்ட உலக்கைகள் மிகுந்த அழுத்தத்தில் எண்ணெயைத் துளித்துளியாக அளந்து செலுத்தும் நுண்கருவி அது. அந்நுண்கருவியால் தனக்கு வேண்டியதைத் தூரத்திலிருந்து இழுத்துக்கொள்ள முடியாது. யாரேனும் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அந்த ஊட்டும் வேலையைச் செய்வதால்தான் நம் பட்டறைகளில் அதற்கு ஃபீட் பம்பு என்று பெயர்.

அந்த ஃபீட் பம்பை டேங்கின் அருகில் வைத்திருக்கலாமே, ஏன் இன்ஜினோடு ஒட்டி வைத்தார்கள்? அன்று மலிவாகவும் நம்பகமாகவும் அசைவு கிடைத்த இடம் இன்ஜின் ஒன்றுதான் என்பதே விடை. பம்பை ஆட்ட ஒரு கேம் வேண்டும்; கேம் இன்ஜினில் இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஓடித் தேயாத சிறிய மின்மோட்டார் அன்று எளிதில் கிடைப்பதாக இல்லை. எனவே பம்பு தனக்கு ஏற்ற இடத்தில் வைக்கப்படவில்லை; தன்னை இயக்குபவனுக்கு வசதியான இடத்தில் வைக்கப்பட்டது. இதன் விளைவை ஓட்டுநர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் சுமந்தார்கள்.

அந்த விளைவு நம் பகுதிக்கும் விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் எண்ணூரில் ஆலை அமைத்தது. முதலில் ஆஸ்டின் கார்களைப் பொருத்தி விற்றது. 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1840-இல் சென்னையில் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம், 1950-களில் செம்பியத்தில் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களைச் செய்யத் தொடங்கியது. பாஷ் நுட்பத்தைக் கொண்டு 1951-இல் பெங்களூரில் மைக்கோ தொடங்கப்பட்டது. 2008-இல் அது பாஷ் என்று பெயர் மாறிய பிறகும், பழைய மெக்கானிக்குகள் இன்ஜெக்‌ஷன் பம்பை மைக்கோ பம்பு என்றே சொல்கிறார்கள். செம்பியத்துக்கும் எண்ணூருக்கும் இடையே வளர்ந்த பட்டறைகளில் ஒரு தனிச் சொற்களஞ்சியமே உண்டாயிற்று. ஏர் பிடித்தல், ஏர் எடுத்தல், பிரைமர் அடித்தல் ஆகியவற்றைத் தமிழகராதிகளில் தேடினால் கிடைக்காது. ஆயினும் நெடுஞ்சாலை ஓட்டுநர் ஒவ்வொருவரும் அறிந்த தொடர்கள் இவை.

ஏர் பிடித்தல் என்றால் என்ன? பெரியவர் அதை நமக்கு விளக்கியது இப்படி: "உறிஞ்சுற குழாய்ல ஓட்ட இருந்தா டீசல் வெளிய வராது சார். காத்துதான் உள்ள போகும். தள்ளுற குழாய்ல ஓட்டன்னா சொட்டிக் காட்டிக் குடுத்துடும்."

இவ்விரண்டு வாக்கியங்களுக்குள் நானூறு ஆண்டு இயற்பியல் அடங்கியிருக்கிறது. எவ்வளவு நல்ல பம்பானாலும் ஏறக்குறைய பத்து மீட்டருக்கு மேல் நீரை உறிஞ்சி ஏற்ற முடிவதில்லை என்பதைக் கலிலியோ தம் 1638-ஆம் ஆண்டு நூலில் குறிப்பிட்டார். அவர் மறைவுக்குப் பின் டோரிசெல்லி பாதரசக் குழாயைக் கொண்டு காரணத்தை விளக்கினார். பம்பு நீரை இழுப்பதே இல்லை. குழாயின் ஒரு முனையில் அது அழுத்தத்தைக் குறைக்கிறது. மறுமுனையில் வெளிக்காற்றுதான் நீரை அழுத்தி மேலே ஏற்றுகிறது. காற்றின் எடை தாங்கக்கூடிய உயரம் நீருக்குச் சுமார் 10.3 மீட்டர். அடர்த்தி குறைந்த டீசலுக்கு 12 மீட்டரை ஒட்டி.

பிக்கப் வண்டியில் டேங்குக்கும் இன்ஜினுக்கும் உயர வேறுபாடு ஒரு மீட்டர்கூட இராது. அப்படியானால் தொல்லை ஏன்? உயரம் மட்டுமன்று, தடையும் உண்டு. நீண்ட மெல்லிய குழாய், அதன் வளைவுகள், டேங்கின் உள்ளே உள்ள சல்லடை, அழுக்கேறிய ஃபில்டர் ஒவ்வொன்றும் உறிஞ்சும் சக்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைந்த அக்குழாயில், டீசலில் கரைந்திருக்கும் காற்று குமிழாகப் பிரியும். இணைப்புகளில் ரப்பர் காய்ந்திருந்தாலோ, செம்பு வாஷர் தேய்ந்திருந்தாலோ, வெளிக்காற்று உள்ளே நுழையும். தரையில் ஒரு சொட்டு டீசல்கூட விழாது. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். நோய் குழாயில் இருக்க, அறிகுறி இன்ஜினில் தெரிவதால், வைத்தியம் இன்ஜினுக்கே நடக்கும். மைத்துனருக்கு நடந்தது அதுதான். பெரியவர் குழாயின் நடுவே ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகிக் காட்டினார். டீசலோடு மணிமணியாகக் குமிழ்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இந்தச் சிக்கல் உலகின் மறுகோடியில் பெரிய அளவில் வெடித்தது. அமெரிக்காவின் டாட்ஜ் ராம் பிக்கப் வண்டிகளில் 1989 மாதிரி முதல் கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் இன்ஜின் பொருத்தப்பட்டது. இதே இன்ஜின் குடும்பத்தைத்தான் ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் செய்தது. நம் சாலைகளில் ஓடிய டாடா லாரிகளின் கம்மின்ஸ் அதுவே. தொடக்கத்தில் டாட்ஜ் வண்டிகளிலும் ஃபீட் பம்பு இன்ஜின் பக்கவாட்டில் கேம் ஷாஃப்டால் இயங்கிற்று. 1998-இன் நடுவில் மாற்றம் வந்தது. மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட விபி44 என்னும் பாஷ் இன்ஜெக்‌ஷன் பம்பைப் புகுத்தினார்கள். அதற்கு ஊட்ட மின்சார ஃபீட் பம்பு ஒன்றையும் வைத்தார்கள்.

இனி கேம் வேண்டியதில்லை. அசைவு கம்பி வழியே எங்கும் போகும். பம்பை டேங்கின் அருகே கொண்டு செல்லத் தடை ஏதும் இல்லை. ஆனால் பழைய பழக்கம் விடவில்லை. மின்சாரப் பம்பையும் பழைய பம்பு இருந்த இன்ஜின் பக்கத்திலேயே திருகி வைத்தார்கள். மின்பம்புக்குத் தள்ளத்தான் நன்றாக வரும், தூரத்திலிருந்து இழுக்க வராது. வெப்பமும் அதிர்வும் வேறு. பம்பு நலிந்தது. இங்குதான் கேடு இரட்டிப்பாயிற்று. விபி44 தன்னுள் ஓடும் டீசலாலேயே குளிர்ந்து, அதனாலேயே உராய்வு நீங்கி வாழும் கருவி. ஊட்டுகிற பம்பு நலிந்தபோது, ஆயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள அப்பெரிய பம்பு பட்டினியால் வெந்து மடிந்தது. குறைந்த விலைப் பம்பு ஒன்று இருக்கக்கூடாத இடத்தில் இருந்ததற்கு விலையுயர்ந்த பம்பு பலியாயிற்று.

உரிமையாளர்கள் காத்திருக்கவில்லை. அழுத்தமானியை ஓட்டுநர் முன்னே பொருத்தினார்கள். ஃபீட் பம்பைக் கழற்றி, சேஸிஸ் சட்டத்தில், டேங்கின் பக்கத்தில், டீசல் மட்டத்துக்கு இயன்றவரை தாழ்வாக வைத்தார்கள். இழுக்கும் தூரம் சில அடியாகச் சுருங்கிற்று. மீதித் தொலைவு முழுவதும் தள்ளும் குழாயாயிற்று. வீட்டு முற்றத்தில் நிகழ்ந்த இந்த இடமாற்றத்தை ஆலையும் பின்னர் ஒப்புக்கொண்டது போலாயிற்று. 2003-இல் காமன்ரெயில் முறைக்கு மாறியபோதும் ஃபில்டரோடு ஒட்டியிருந்த பம்பு, 2005 மாதிரி வண்டிகளில் டேங்கின் உள்ளேயே போய் அமர்ந்தது.

எல்லா நிறுவனங்களும் ஒரே வழியில் செல்லவில்லை. ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் இசுசுவும் 1998-இல் கூட்டாகத் தொடங்கிய ஆலையில் பிறந்த டியூராமேக்ஸ் டீசல் இன்ஜின், 2001 மாதிரி முதல் பிக்கப் வண்டிகளில் வந்தது. அதில் தனி ஃபீட் பம்பே இல்லை. உயரழுத்தப் பம்பின் உடலோடு சேர்ந்த ஒரு பற்சக்கரப் பம்பு டேங்கிலிருந்து நேரடியாக உறிஞ்சிக்கொண்டது. பம்பு ஒன்று குறைந்தால் பழுதும் ஒன்று குறையும் என்பது அவ்வடிவமைப்பின் நியாயம். பலருக்கு அது நன்றாகவே ஓடிற்று. ஆயினும் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் 2017 மாதிரியில் டேங்கினுள் பம்பு வைக்கப்பட்டது.

இசுசு என்றதும் நம் மாவட்டம் நினைவுக்கு வராமல் இராது. திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 1998 முதல் மிட்சுபிஷி லேன்சர் கார்களைச் செய்துவந்தது. கார் விற்பனை இறங்கிய காலத்தில், 2013-இல் இசுசுவோடு ஏற்பட்ட ஒப்பந்தப்படி, டி-மேக்ஸ் டீசல் பிக்கப் வண்டிகள் அவ்வாலையில் பொருத்தப்பட்டன. 2016-இல் இசுசு தன் சொந்த ஆலையை ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் திறந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து மாநில எல்லை தாண்டினால் சிறிது தூரத்தில் வந்துவிடும் ஊர் அது. திருவள்ளூரில் பிறந்த பிக்கப் எல்லைக்கு அப்பால் குடிபெயர்ந்த கதையும் ஓர் இடமாற்றமே. அதில் வேலை இழந்தோரும் பெற்றோரும் யார் யார் என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

காமன்ரெயில் காலம் இப்பிரச்சினையைக் கூர்மையாக்கிற்று. இவற்றில் எரிபொருள் ஆயிரத்து அறுநூறு, இரண்டாயிரம் பார் அழுத்தத்தில் தெளிக்கப்படுகிறது. டீசலில் கந்தகத்தின் அளவோ படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பாரத் நிலை மூன்றில் பத்து லட்சத்தில் 350 பங்கு; 2010-இல் சென்னை போன்ற பெருநகரங்களுக்கும் 2017-இல் நாடு முழுவதற்கும் வந்த நிலை நான்கில் 50; 2020-இல் வந்த நிலை ஆறில் 10. நம் நுரையீரலுக்கு நல்லது. ஆனால் கந்தகம் நீக்கும் முறையில் டீசலின் இயல்பான வழவழப்பும் குறைவதால், அதை ஈடுசெய்யச் சேர்மானங்கள் சேர்க்கப்படுகின்றன. நுண்ணிய பாகங்கள், மிகுந்த அழுத்தம், வழவழப்புக் குறைந்த எண்ணெய் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு காற்றுக் குமிழுக்கு மன்னிப்பில்லை. அன்று வண்டி குலுங்கி நிற்பதோடு போயிற்று. இன்று அதுவே பம்பின் உலோகத்தைச் சுரண்டி, நாசில் வரை பொடியை அனுப்பிவிடும்.

மீண்டும் பட்டறைக்கு வருவோம். பெரியவர் முதலில் காய்ந்த ரப்பர் குழாய்களையும் செம்பு வாஷர்களையும் மாற்றினார். "இதுவே போதும், ஓடும்" என்றார். மைத்துனருக்கு மனம் ஆறவில்லை; ஆறு மாத அச்சம் அது. அவர் வற்புறுத்தியபின், பன்னிரண்டு வோல்ட் மின்பம்பு ஒன்றை டேங்கை ஒட்டிச் சேஸிஸில் பொருத்த ஒப்புக்கொண்டார். பொருத்தும்போது அவர் கவனித்த நுணுக்கங்களை இங்கே பதிவு செய்வது கடமை. பழைய டயஃப்ரம் பம்பைக் குழாய்ப் பாதையிலிருந்து விலக்கிவிட்டு, அது இருந்த துளையைத் தகடு வைத்து மூடினார். பின்னாலிருந்து தள்ளும் அழுத்தத்தில் பழைய சவ்வு கிழிந்தால் டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும் என்பது காரணம். புதிய பம்புக்கு முன்னே ஒரு சல்லடை வைத்தார். மின்கம்பியைச் சாவியோடு மட்டும் இணைக்காமல், ஆயில் அழுத்தம் இருந்தால்தான் பம்பு தொடர்ந்து ஓடும்படி ஒரு சுவிட்சின் வழியே கொண்டுவந்தார். வண்டி எங்கேனும் மோதிக் குழாய் அறுந்தால், இன்ஜின் நின்ற பின்னும் மின்பம்பு டீசலைச் சாலையில் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது அல்லவா? இழுக்கும் பம்பு இன்ஜினோடு சேர்ந்து தானே நின்றுவிடும். தள்ளும் பம்பை நிறுத்த ஒருவர் நினைவு வைத்திருக்க வேண்டும்.

அவர் வேலை செய்துகொண்டிருக்கையில், இதை வேறெங்கோ பார்த்திருக்கிறோம் என்ற எண்ணம் நமக்கு வந்தது. நம் ஊர்க் கிணறுகளில்தான்.

நீர் இறைக்கும் கருவிகள் தமிழுக்குப் புதியவை அல்ல. ஏற்றமும் ஆம்பியும் மதுரைக்காஞ்சியிலும், சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையிலும் பெயர் சொல்லி வருகின்றன. அவை அனைத்தும் நீரை மொண்டு தூக்குபவை, உறிஞ்சுபவை அல்ல. ஏற்றத்துக்கும் கமலைக்கும் டோரிசெல்லியின் பத்து மீட்டர் பொருட்டே இல்லை. மாட்டுக்கு வலுவும் கயிற்றுக்கு நீளமும் இருந்தால் போதும். மின்சாரம் வந்தபின் கிணற்று மேட்டில் மோட்டார் அறை எழுந்தது. அப்பம்பு உறிஞ்சும் பம்பு; நடைமுறையில் இருபது, இருபத்தைந்து அடிக்குக் கீழே நீர் இறங்கிவிட்டால் அதற்கு எட்டாது. ஆகவே உழவர்கள் கிணற்றுச் சுவரிலேயே மேடை கட்டிப் பம்பைக் கீழே இறக்கினார்கள். நீர் மேலும் இறங்கிற்று, மேடையும் இறங்கிற்று. இறுதியில் ஆழ்துளையும், நீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்து மேலே தள்ளும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்தன. டாட்ஜ் வண்டியின் பம்பு டேங்கினுள் போய் அமர்ந்ததும், நம் கிணற்று மோட்டார் நீருக்குள் போய் அமர்ந்ததும் ஒரே விதியின் இரு நிகழ்வுகளே.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் இப்படுகையில் 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய இடங்களில் கிணற்றுக் களங்கள் அமைந்து, சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீர் சென்றது. உழவர்களும் தம் பங்குக்கு இறைத்தார்கள். பம்பு நீரின் பக்கத்திலேயே இருந்ததால் ஏர் பிடிக்கவில்லை, தயக்கம் காட்டவில்லை, நின்று எச்சரிக்கவும் இல்லை. நல்ல நீர் விலகிய இடத்துக்குக் கடல் நுழைந்தது. மீஞ்சூர்ப் பக்கத்தில் உவர்ப்பு பல கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் பரவியது. 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீரை முறைப்படுத்தச் சட்டம் வந்தது. 2010-இல், அதே மீஞ்சூரின் பெயரில், காட்டுப்பள்ளிக் கடற்கரையில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. கடலை உள்ளே வரவிட்டபின், கடலிடமே நீர் கேட்க வேண்டியதாயிற்று.

மேட்டிலிருந்த பழைய உறிஞ்சும் பம்புக்கு ஒரு நற்குணம் இருந்தது என்பதை இப்போது உணர்கிறோம். நீர் இறங்கினால் அது தோற்றது. அத்தோல்வியே அறிவிப்பு. பம்பை மூலத்தின் அருகே கொண்டு சென்றபோது பம்பின் குறை தீர்ந்தது. மூலத்தின் குறை தீரவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. வண்டியில் அது பெரிய தீங்கன்று. டேங்க் காலியானால் சாலையோர பங்கில் நிரப்பிக்கொள்ளலாம். எவ்வளவு மீதி என்று காட்ட முள்ளும் இருக்கிறது. மண்ணுக்கடியில் உள்ள டேங்குக்கு முள் இல்லை. அதை நிரப்பும் வேலை ஏரிகளுடையது, தடுப்பணைகளுடையது, மழையுடையது. கிருஷ்ணா நீர் 1996-இல் பூண்டிக்கு வந்ததும், 2020-இல் கும்மிடிப்பூண்டி வட்டத்துக் கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகையில் 50 கோடி கன அடி கொள்ளும் புதிய நீர்த்தேக்கம் திறக்கப்பட்டதும் நிரப்பும் பக்கத்துக் கணக்கில் வருபவை. இறைக்கும் பக்கத்துக் கணக்கு அதைவிட மிக நீளமானது.

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. பாக்கித் தவணைகளை மைத்துனர் கட்டிவிட்டார். கைவிட்ட வாடிக்கை மட்டும் திரும்பவில்லை. நூல் மூட்டைகளும் இரண்டு நாள் தாமதமாகப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன. கழற்றிய டயஃப்ரம் பம்பைப் பெரியவர் துடைத்து, காகிதத்தில் சுற்றி அவரிடமே கொடுத்தார். "தூக்கிப் போட்டுடாத. அது மேல தப்பு ஒண்ணுமில்ல" என்றார்.

அது இன்றும் பொன்னேரி வீட்டின் பரணில் இருக்கிறது. அதன் நெம்பை அழுத்தி உறிஞ்சும் வாயில் விரலை வைத்தால், இன்னும் விரலை இழுக்கிறது. அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு இடனறிதல் நடத்தும்போது வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம் என்றிருக்கிறோம்.